மூட்டுத் தேய்மானமும் நோய்க் கணிப்பும்: ஜவ்வாது மலையை முன்வைத்து ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

முழங்கால் மூட்டுத் தேய்மானம் பண்டைய ஆயுர்வேத நூல்களிலும் இன்றைய மருத்துவத்திலும் கணிக்கப்பட்ட முறைகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. கதிர்ப்படம் இன்றியும் இந்நோயை அறியலாம் என்பதையும், அது மலைவாழ் மக்களுக்குத் தரும் பயனையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மூட்டுத் தேய்மானம், சந்திகதவாதம், ஆமவாதம், ஜவ்வாது மலை, முடவாட்டுக்கால்

முன்னுரை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்கு வாழும் மலையாளி பழங்குடியினர் சரிவு நிலங்களில் சாமை முதலிய சிறுதானியங்களை விளைவிப்பவர்கள். ஏற்றமும் இறக்கமும் சுமையும் அன்றாடமாகிய வாழ்வில் முழங்கால் வலி என்பது பிழைப்பையே முடக்குவதாகும். சிதறிக் கிடக்கும் மலையூர்களிலிருந்து கதிர்ப்படம் எடுக்கச் செல்வதும் எளிதன்று. ஆதலின், கருவியின்றி இந்நோயை அறிய இயலுமா என்பது ஆராயத்தக்கது.

பண்டை நூல்களில் மூட்டு நோய்

சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில் 28ஆம் அத்தியாயம் சந்திகதவாதத்தை விளக்குகிறது. காற்றடைத்த தோற்பையைத் தொட்டாற்போன்ற வீக்கமும், நீட்டி மடக்குகையில் எழும் வலியும் அதன் குறிகளாகும். சுசுருத சம்ஹிதை எண்ணெயிடல், பற்றுக்கட்டு, சூடிடல், கட்டுதல், பிடித்துவிடுதல் ஆகியவற்றை விதிக்கிறது. மாதவரின் நிதான நூல் ஆமவாதத்தைத் தனி நோயாக வகுத்தது. இன்று அது முடக்குவாதத்தோடு ஒப்பிடப்படுகிறது. சித்த மருத்துவத்தில் மூட்டுத் தேய்மானம் அழல் கீல்வாயுவோடு இணைத்துப் பேசப்படுகிறது. மூட்டு வலிகள் யாவும் ஒன்றல்ல என்பதைப் பண்டையோர் குறிகளைக் கொண்டே உணர்ந்திருந்தனர் என்பது இவற்றால் பெறப்படும்.

கதிர்ப்படமும் அதன் எல்லையும்

ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டனின் நூல் அவர் மறைவுக்குப் பின் 1802இல் வெளிவந்தது. விரல் மூட்டுகளில் தோன்றும் கடின முடிச்சுகள் கௌட் நோயின் விளைவல்ல என அது பிரித்துக் காட்டியது. 1895இல் ராண்ட்ஜன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். 1957இல் கெல்கிரன், லாரன்ஸ் இருவரும் தேய்மானத்தைக் கதிர்ப்படத்தின்வழி 0 முதல் 4 வரை தரப்படுத்தினர். அதன்பின் படமே நோயின் அளவுகோலாயிற்று. எனினும், படத்தில் காணும் தேய்வும் நோயாளி உணரும் வலியும் பலபோது ஒத்துப்போவதில்லை. பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டி பின்வருமாறு வரையறுக்கிறது: வயது 45 அல்லது அதற்கு மேல்; இயக்கத்தால் மிகும் வலி; காலை விறைப்பு இன்மை அல்லது 30 நிமிடத்திற்கு மேற்படாமை. இவை இருப்பின் படமின்றியே நோயைக் கணிக்கலாம்.

மேலாண்மை

தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும், உடல் பருமன் உடையோர்க்கு எடைக் குறைப்பும் மருத்துவத்தின் அடிப்படைகளாகும். எண்ணெயும் ஒற்றடமும் இதம் தரலாம். தேய்ந்த குருத்தெலும்பை அவை மீட்பதாக நிறுவப்படவில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் மூட்டு வலிக்குச் சூப்பாக அருந்தப்படும் முடவாட்டுக்கால், பெரணி வகையின் கிழங்காகும். அதுபற்றிய ஆய்வுகளுள் பெரும்பாலானவை ஆய்வகத்திலும் விலங்குகளிலும் நிகழ்ந்தவை. காய்ச்சலுடன் மூட்டு சிவந்து வீங்கினாலோ காலை விறைப்பு நெடுநேரம் நீடித்தாலோ மருத்துவமனையை நாடுதல் வேண்டும்.

முடிவுரை

பண்டை நூல்கள் குறித்த நீட்டி மடக்கும் வலி, படத்தை மையமாகக் கொண்ட காலத்தைக் கடந்து மீண்டும் கணிப்பின் அடிப்படையாகியுள்ளது. பெயர்களை நேருக்குநேர் ஈடாக்குவதைவிடக் குறிகளை ஒப்பிடுவதே வரலாற்றாய்வுக்குப் பொருந்தும். மலையூரில் பணிபுரியும் செவிலியரும் கேட்டறியக்கூடிய குறிகள் இவை என்பதே இவ்வொப்பீட்டின் பயனாகும்.