கிளமிடியாவும் ஓம்புயிர்ச் செல்லின் இறப்பும்: ஒரு விளக்கம் சரிந்த வரலாறு

கிளமிடியா டிரக்கோமாட்டிஸ் பாக்டீரியா ஓம்புயிர்ச் செல்லுக்குள் பெருகி, மீண்டும் தொற்றும் வடிவத்தை அடைய ஏறத்தாழ 48 முதல் 72 மணி நேரம் ஆகும். அதற்குள் செல் தன்னைத்தானே அழித்துக்கொண்டால் பாக்டீரியாவின் பெருக்கமும் நின்றுவிடும்.

தொற்றுற்ற செல்கள், இறப்பைத் தூண்டும் வேதிப்பொருள்களுக்கும் இணங்குவதில்லை என்றும், அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி வெளியேறுவதில்லை என்றும் 1998இல் குவாங்மிங் சோங் குழுவினர் காட்டினர். தடுப்பது எது என்பதே அடுத்த வினா. 2001இல் அக்குழுவினர் சிபிஏஎஃப் என்னும் புரதச்சிதைப்பு நொதியை வேறொரு தொடர்பில், அதாவது ஓம்புயிரின் படியெடுத்தல் காரணிகளைச் சிதைப்பதாக, இனங்கண்டிருந்தனர். இறப்பைத் தூண்டும் பிஎச்3 வகைப் புரதங்கள் தொற்றுற்ற செல்களில் மறைவது 2004இல் அறியப்பட்டபின், அதற்கும் இந்நொதியே காரணமாகக் கூறப்பட்டது. விளக்கம் எளிமையானது, அதுவே அதன் வலிமையாகவும் இருந்தது.

2012இல் பிளாஸ் பேத்தஜன்ஸ் இதழில் வெளிவந்த மறுஆய்வு சோதனை முறையையே கேள்விக்குள்ளாக்கியது. புரதங்களைப் பிரித்தெடுக்கச் செல்லை உடைக்கும்போது, வழக்கமான கரைசலில் நொதி தொடர்ந்து இயங்குகிறது. நொதியின் செயலை உடனே நிறுத்திப் பார்த்தபோது, இலக்குகளாகக் கூறப்பட்ட 11 புரதங்கள் முழுச்செல்லில் சிதைந்ததாகக் கண்டறிய முடியவில்லை. சிதைவு சோதனைக்குழாயில் நிகழ்ந்ததாகும்.

ஆயினும் 1998ஆம் ஆண்டின் கண்டறிவு இதனால் பொய்க்கவில்லை. தொற்றுற்ற செல் இறப்பை எதிர்ப்பது உண்மையே. எம்சிஎல்-1 என்னும் காப்புப் புரதத்தை முன்னிறுத்திய 2008ஆம் ஆண்டு விளக்கமும் இந்நொதியைச் சார்ந்ததன்று.