தகைப்பு என்னும் கருத்தின் வரலாறு

பாரந் தாங்கும் பொருளொன்று நிலைக்குமோ முறியுமோ என்பதைப் பாரத்தின் அளவை மட்டுங்கொண்டு துணிதல் இயலாது. ஒரே பாரத்தை மெல்லிய கம்பியிலும் தடித்த கம்பியிலும் தொங்கவிடின், முன்னது அறுதலும் பின்னது நிலைத்தலுங் கூடும். ஒவ்வோர் அலகுப் பரப்பும் தாங்கும் விசை எவ்வளவு என்பதே வினா. அவ்விசையே தகைப்பு எனப்படும். 2 சதுர அங்குலக் குறுக்குவெட்டுடைய கோல் 10 தொன் பாரத்தைத் தாங்குமாயின், அதன் தகைப்பு சதுர அங்குலத்துக்கு 5 தொன் ஆகும். இத்துணை எளிய கருத்துத் தெளிவுறுதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் சென்றன.

இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டவர் கலிலியோ. வீட்டுக்காவலில் இருந்த முதுமைக்காலத்தில் அவர் எழுதி முடித்த நூல் 1638 இல் ஒல்லாந்து நாட்டு லைடன் நகரில் அச்சேறியது. வெனிஸ் நகரத்துக் கப்பல் கட்டுந் தளத்தில், சிறிய கலங்களைவிடப் பெரிய கலங்களுக்கு மிகுதியான தாங்குகால்கள் வேண்டப்படுவதேன் என்னும் வினா அதன் தொடக்கத்திலேயே எழுகின்றது. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் இருமடங்கானால் நிறை எட்டு மடங்காகும். குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்கே ஆகும். ஆதலால் ஒவ்வொரு பரப்பலகும் முன்னையதினும் இருமடங்கு பாரத்தைத் தாங்கவேண்டும். பேருடல் விலங்குகளின் எலும்புகள் அளவுக்கு மிஞ்சித் தடித்திருத்தற்கும் இதுவே காரணம். ஆயினும், சுவரிற் பொருத்திய உத்தரம் வளையும்போது அதன் வெட்டுமுகமெங்கும் எதிர்ப்பு ஒரே அளவினது என அவர் கொண்டமை பிழையாயிற்று. உண்மையில் மேற்புறம் இழுபடக் கீழ்ப்புறம் அமுக்கப்படும்.

பொருள் முறிதற்கு முன்னர் நிகழ்வதை ஆராய்ந்தவர் றொபேட் ஊக். மீள்தன்மையுடைய பொருளின் நீட்சி, இழுக்கும் விசைக்கு விகிதசமமானது என்பதை அவர் 1678 இல் வெளியிட்டார். எனினும் பொருளின் உட்புறத்தே விசை பரவியிருக்கும் முறையைத் தெளிவாக வரையறுத்தவர் பிரான்சிய கணிதவறிஞர் கோசியே. திண்மப் பொருளினுள்ளே யாதாயினும் ஒரு தளத்தைக் கற்பனை செய்து, அதன் இருபுறத்துத் துணிக்கைகளும் ஒன்றையொன்று தாக்கும் விசையைப் பரப்பலகுக்குக் கணித்தல் வேண்டும் என அவர் 1822 இல் பாரிஸ் கழகத்துக்கு அறிவித்தார். அவ்விசை தளத்துக்குச் செங்குத்தாகவோ சாய்வாகவோ அமையலாம். இடத்துக்கிடம் வேறுபடவுங் கூடும்.

இடத்துக்கிடம் வேறுபடும் என்பதே பின்னாளில் உயிர்ப்பிரச்சினையாயிற்று. தகட்டிலுள்ள துளையின் விளிம்பு கூர்மையாகுந்தோறும் அவ்விடத்துத் தகைப்பு மிகும் என்பதை இங்கிலிஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர் 1913 இற் கணித்துக் காட்டினார். 1954 ஆம் ஆண்டு சனவரியிலும் ஏப்பிரலிலும் இரண்டு கொமெற் விமானங்கள் வானிற் சிதைந்து மத்தியதரைக் கடற்பரப்பில் வீழ, 56 பேர் மாண்டனர். அதே வகை விமானமொன்றின் உடலை நீர்த்தொட்டியிலிட்டு, பறப்பின்போது உள்ளிருக்கும் அமுக்கத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கிச் சோதித்தபோது, திறப்பொன்றின் மூலையருகே வெடிப்புத் தோன்றி உடல் பிளந்தது. சராசரித் தகைப்பு உலோகத்தின் வலிமைக்குட்பட்டதே. ஆனால் மூலைகளில் அது எதிர்பார்த்ததினும் மிகுந்திருந்தது. ஒவ்வொரு பறப்பும் அவ்விடத்தைச் சிறிது சிறிதாக நலிவித்தது.

பொருள் முறிவது சராசரியால் அன்று. தகைப்பு மிக்க ஓரிடத்தால் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். பாலமும் கட்டடமும் விமானமும் அமைப்போர் மொத்தப் பாரத்தோடு கணக்கை முடித்துவிடாது, மிக நலிந்த மூலையையும் நாடிச் சென்று அளத்தல் கடனாகும்.