தறையாணி

ஆணியின் தலை அடிபட்டுத் தட்டையாவது தறைதல். அதை அப்படி அடிப்பது தறைத்தல். இந்த வினையில் பிறந்ததுதான் தறையாணி. பட்டறையில் எல்லோரும் ‘ரிவிட்’ என்பது இதைத்தான். மலையாளத்தில் ‘தறய்க்குக’ என்றால் குத்தி உள்ளே இறங்குதல்.

காஞ்சிபுரத்தில் ‘தறி’ என்றதும் பட்டுத்தறிதான் நினைவுக்கு வரும். ஒலியில் அதற்கு இவ்வளவு நெருக்கமான ‘தறை’யோ பேச்சிலிருந்து போய்விட்டது. வேலை போகவில்லை. பித்தளை அண்டாவுக்குப் பிடி வைப்பவர் துளையில் ஆணியை நுழைத்து, ஒரு பக்கம் இரும்பைத் தாங்கலாகப் பிடித்து, மறுபக்கம் தட்டுகிறார். நுனி நசுங்கிப் பரந்து, இரு தகடுகளையும் கவ்விக்கொள்கிறது. அந்த நசுங்கல்தான் தறைதல்.

அண்டாவில் ஆணித்தலை துருத்தி நிற்கலாம். விமானத்தில் அது காற்றைத் தடுக்கும். ஹோவர்ட் ஹியூஸின் எச்-1 விமானம் 1935-இல் வேகச் சாதனை படைக்க, தலை புதைந்த தறையாணிகளும் உதவின. வீட்டிலேயே உலோக விமானம் கட்டுவோரும் இதே முறையைக் கையாள்கிறார்கள். தலையின் கூம்பு பெரும்பாலும் 100 பாகை. தகடு கனமானால் துளைவாயைக் கூம்பாகக் கடைவார்கள். மெல்லிய தகட்டைக் கடைந்தால் துளை அகன்றுவிடும். அதனால் அச்சில் அழுத்திக் குழியாக்குவார்கள். பிறகு வெளியே காற்றுச் சுத்தி, உள்ளே தாங்கல் இரும்பு. உள்நுனி ஆணியின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பரந்தால் தறைந்தது சரி.

‘கடாவி’ என்ற கலைச்சொல்லும் உண்டு. அது அடித்து இறக்குவதை மட்டும் சொல்கிறது. பிடிப்பைத் தருவது நசுங்கல் என்பதால், எனக்குத் தறையாணியே பொருத்தம்.