திருகைக் கல் கூறும் வரலாறு



திருவண்ணாமலைக் கோயிலின் இராசகோபுரம் 11 நிலைகளுடன் வானளாவி நிற்கிறது. மன்னர்கள் அளித்த கொடைகளை அக்கோயிலின் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆனால், 19ஆம் நூற்றாண்டில் இவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் கூலிக்கு உழைத்தோர் தம் இல்லங்களில் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. அதனைக் கூறவல்ல கல் ஒன்று எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடக்கிறது. அது ஒரு திருகை.

அந்நாளில் இவ்வூர் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. உழவுக் கூலியாளின் வீடு மண்சுவரும் கூரையும் உடைய சிறு குடிசை. பண்ணையில் உழைத்தவனுக்குக் கூலி பெரும்பாலும் தானியமாகவே அளக்கப்பட்டது. ‘படியாள்’ என்னும் பெயரிலேயே அந்தப் படி ஒலிக்கிறதன்றோ! அடிமைமுறைக்கு இருந்த சட்ட ஏற்பு 1843இல் நீங்கியது. எனினும், கடன் என்னும் கயிறு பலரைப் பண்ணையோடு பிணைத்தே வைத்தது.

அளந்து வாங்கிய தானியம் அப்படியே உணவாகிவிடாது. கம்பை உரலிலிட்டுக் குத்த வேண்டும். கேழ்வரகைத் திருகையில் அரைக்க வேண்டும். பகலெல்லாம் பிறர் வயலில் களை பறித்த பெண்ணே விடியுமுன் எழுந்து இவற்றையும் செய்தாள். இரவில் களி, மறுநாள் கூழ். கொடுத்த படிக்குக் கணக்கு இருந்தது. அதனை உணவாக்கிய கைகளுக்குக் கணக்கு இல்லை.

1876இல் மழை பொய்த்தது. ‘தாது வருடப் பஞ்சம்’ என்று மக்கள் நினைவில் நிலைத்த கொடும்பஞ்சம் வந்தது. 1877இன் தொடக்கத்தில், நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓர் அணாவும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். பெண்ணுக்கு அதனினும் குறைவு. ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அவ்வாண்டிலேயே கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ அடுப்புகள் அணைந்துவிட்டன.

என் பாட்டி, தம் பாட்டியார் கூறியதாக ஒன்று சொல்வார். அப்பஞ்சத்தில் விடியற்காலையில் படுத்தபடியே செவிசாய்த்துக் கேட்பார்களாம். எந்த வீட்டில் திருகை ஒலிக்கவில்லையோ, அந்த வீட்டுக் குழந்தைகளை ஒரு வாய்க் கூழுக்கு அழைத்து வருவார்களாம். நாளடைவில், அழைத்தவர் வீட்டுத் திருகையும் ஓய்ந்துவிட்டதாம்.

உங்கள் இல்லத்திலும் பழைய திருகையோ உரலோ இருக்கக்கூடும். அதனை அப்புறப்படுத்துமுன், வீட்டிலுள்ள மூத்தவரிடம் அதன் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள்.