பழவேற்காட்டில் கரையேறிய ‘டூ’

பழவேற்காடு படகுத்துறையில் நின்றால், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வெளியூர்க்காரர்களிடம் தங்கள் ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்ப்பார்கள். “சார், யூ கேம் எஸ்டர்டே?” என்றான் ஒரு பையன் என்னிடம். வாய்ப்பேச்சில் அதுவும் செல்லும். பரீட்சைத் தாளில் சிவப்பு மை விழும். விட்டுப்போனது ‘டூ’ என்ற ஒரே சொல். இங்கே அது ‘டிட்’ ஆகி முன்னால் நின்றிருக்க வேண்டும்.

பையனைச் சொல்லிக் குற்றமில்லை. கேள்விக்குள் அந்தச் சொல் பிந்தி வந்து ஒட்டிக்கொண்டதுதான். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரிடம் பெரும்பாலும் வினைச்சொல்லே முன்னால் வந்துவிடும்: “லிவ் யூ ஹியர்?” என்கிற மாதிரி. 16ஆம் நூற்றாண்டில் டூ மளமளவென்று புகுந்தது. ஷேக்ஸ்பியர் இரண்டு விதமாகவும் எழுதினார். வேல்ஸ் பக்கத்து மொழியிலிருந்து தொற்றியது என்பார் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள், 1613இல். 1620களின் தொடக்கத்தில் ஆங்கிலக் கம்பெனியாரும் அவர்களோடு சில காலம் ஒண்டுக்குடித்தனம். அந்த ஆங்கிலேயர் பேச்சில் டூ பாதி வழிதான் வந்திருந்தது. டச்சில் இன்றும் இல்லை: “வோன் யே ஹீர்?” பழைய ஆங்கிலத்தின் அதே அச்சு. 1630களில் இங்கே பாதிரியாக இருந்த ஆபிரகாம் ரோகெரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு எழுதிய நூல் 1651இல் வெளிவந்தது. இருவரும் பேசிக்கொண்டது போர்த்துகீசியத்தில். அதில் குரலை ஏற்றினாலே கேள்வி. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறிய பிறகுதான் டூ இங்கே நிரந்தரமாகக் கரையேறியது.

கரையில் நம் ‘ஆ’ உட்கார்ந்திருந்தது. “நேத்து நண்டு கிடைச்சுதா?” “நேத்தா நண்டு கிடைச்சுது?” “நேத்து நண்டா கிடைச்சுது?” எதன் மேல் சந்தேகமோ அதன் வாலில் ஏறிக்கொள்ளும். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், அங்கே தெலுங்கிலும் “வச்சாடா?” என்று இதே ஆ. வாலில் கேட்டுப் பழகிய நாக்கை, வாய் திறக்கும்போதே கேள் என்றால் தடுமாறத்தான் செய்யும்.

டூவுக்கு இன்னொரு குணம், காலத்தின் சுமையையும் தானே வாங்கிக்கொள்ளும். “யூ கேம்” என்பது “டிட் யூ கம்?” ஆகும்போது, கேம் இறக்கிவைத்த இறந்தகாலக் கூடையை டிட் தூக்கிக்கொள்கிறது. ஒரு கூடை, ஒரு தலை. “ஷி செல்ஸ் ஃபிஷ்” என்பதும் அப்படியே “டஸ் ஷி செல் ஃபிஷ்?” ஆகிறது, செல்ஸின் கடைசி ஸ், டஸ்ஸுக்குப் போய்விட்டது. ஆர், கேன் இருக்கும் வாக்கியத்தில் டூவுக்கு வேலையில்லை. அவையே முன்னால் வரும். வேர், வென் வந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவை.

பையனுக்குக் கூடைக் கதையைச் சொன்னேன். பக்கத்தில் இறால் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த அவன் அக்கா முந்திக்கொண்டாள்: “வேர் டிட் யூ கேம் ஃப்ரம்?”

கூடை இரண்டு தலையிலும் இருந்தது.

“மெட்ராஸ்” என்றேன்.