புண்தளமும் தோலும்: கம்பம் பள்ளத்தாக்கின் வாசலிலிருந்து ஒரு மருத்துவ வரலாறு

கொடைக்கானல் மலைப்பாதை பிரியும் காட்ரோட்டுக்குப் பக்கத்தில், திண்டுக்கல்–தேனி சாலையை ஒட்டி இருக்கிறது கெங்குவார்பட்டி. ஒரு பக்கம் மலை, சுற்றிலும் தோப்பும் வயலும், நடுவே ஓயாத போக்குவரத்து. தோல் போன புண்கள் இத்தகைய ஊர்களுக்கு எந்த வழியில் வருகின்றன என்பது தெரிந்ததுதான். நல்லபாம்பு கடித்து அழுகிய கால், பைக் விபத்தில் எலும்பு தெரிய உரிந்த கணுக்கால், சர்க்கரை நோயாளியின் ஆறாத பாதம், அடுப்புத் தீ. இவர்களிடம் மருத்துவர் ஒருநாள் சொல்வார்: "தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்கணும்." அந்த வாக்கியத்துக்குப் பின்னால் உள்ள வரலாற்றைக் கத்திகளின் வரலாறாகச் சொல்வது வழக்கம். தோலைத் தாங்கப்போகும் புண்தளத்தை மருத்துவம் எப்படிப் புரிந்துகொண்டது என்று தேடினால்தான் இந்தப் பள்ளத்தாக்கின் நோயாளிக்கு அது பயன்படும் என்பது என் துணிபு.

1650களின் இறுதியில் மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டுக்குள் புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. மூக்கறுப்புப் போர் என்று பேர் பெற்ற அந்தப் போரில் ரகுநாத சேதுபதி திருமலை நாயக்கருக்குத் துணை நின்றார். மூக்கறுப்பு தண்டனையாகவும் போர்முறையாகவும் இருந்த நாட்டில் மூக்கைத் திரும்ப அமைக்கும் கைத்தொழிலும் இருந்தது. கன்னத்துத் தோலை இலையால் அளவெடுத்து மூக்கு அமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை முன்பே சொல்லியிருந்தது.

அந்தக் கைத்தொழிலை நெருங்கிக் காட்டும் சான்று, லண்டனில் வெளியான 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழின் 1794 அக்டோபர் குறிப்பு. ஆங்கிலேயப் படையின் மாட்டுவண்டிக்காரர் காவாஸ்ஜி 1792இல் திப்புவின் படையிடம் சிக்கி மூக்கை இழந்தவர். பூனா அருகே, செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குச் சிகிச்சை செய்தார். மெழுகுத் தகட்டை மூக்கின் அடிக்கட்டையில் பொருத்தி வடிவம் எடுத்தார். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டார். கோட்டின்படி தோலை உரித்தவர், இரு கண்களுக்கு நடுவே ஒரு சிறு பட்டையை மட்டும் அறுக்காமல் விட்டார். தோலைத் திருப்பி மூக்கின் இடத்தில் அமர்த்தி, நீரில் குழைத்த காசுக்கட்டியைத் துணியில் தடவிப் பொருத்துவாயில் வைத்தார். பிறகு நெய் தோய்த்த துணி. சுமார் 25ஆம் நாளில்தான் அந்தப் பட்டை வெட்டப்பட்டது.

முழு நுட்பமும் அந்தப் பட்டையில் இருக்கிறது. தோலுக்கு ரத்தம் போகும் வழி அது. பெரியகுளம் பக்கத்து மாந்தோப்புக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: நெருக்கு ஒட்டில் தாய்மரத்துக் கிளையை ஒட்டு சேரும்வரை வெட்டுவதில்லை. லண்டனில் ஜோசப் கார்ப்யூ 1814இல் இம்முறையைச் செய்து பார்த்து, 1816இல் நூலாக்கினார்.

உடலிலிருந்து முழுதாகப் பிரித்த தோல் வேறு கதை. 1869இல் பாரிஸில் ழாக்-லூயி ரெவர்தான் மேல்தோலின் சிறு துணுக்குகளை ஆறாத புண்ணின் மேல் வைத்தார். அவை பிடித்துக்கொண்டு பரவின. ஜெர்மனியின் டீர்ஷ் 1874 முதல் மெல்லிய தோலைப் பெரிய பட்டைகளாக எடுக்கும் முறையை வளர்த்தார். 1930களில் தோலை மெல்லிதாகச் சீவி எடுக்கும் ஹம்பி கத்தி வந்தது. 1939இல் பாட்ஜெட்டின் தோல்சீவும் கருவி. 1964இல் டானர், தோலில் வரிசையாகக் கீறல் போட்டு வலைபோல் விரிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் பல அரசு மருத்துவமனைகளில் ஹம்பி கத்திதான் வேலை செய்கிறது.

வைத்த தோல் உயிர் பிடிப்பது எப்படி? முதல் இரண்டு நாள் அது புண்தளத்தில் ஊறும் நீரை உறிஞ்சியே பிழைக்கிறது. பிறகு அடியிலிருக்கும் நுண்குழாய்கள் தோலின் குழாய்களோடு இணைகின்றன. ஐந்தாம் நாள் வாக்கில் கட்டைப் பிரிக்கும்போது தோல் இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தால் பிடித்துவிட்டது. அடியில் ரத்தம் கட்டினாலோ, சீழ் வைத்தாலோ, தோல் நகர்ந்தாலோ அந்த இணைப்பு நடக்காது. வெறும் எலும்பின் மேலும் வெறும் தசைநார் மேலும் தோல் ஒட்டாது. அங்கே ரத்தத்தோடு வரும் மடல்தான் வேண்டும். பூனாக் கைவினைஞரின் பட்டை இன்னும் காலாவதியாகவில்லை.

மதுரை எர்ஸ்கின் மருத்துவமனை, இன்றைய ராஜாஜி மருத்துவமனை, 1940 முதல் இந்த வட்டாரத்துக்குப் பெரியாஸ்பத்திரி. 1996இல் தேனி தனி மாவட்டமானது, க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி பின்னர் வந்தது. தூரம் குறைந்ததை நான் எந்தக் கருவிக்கும் குறையாத முன்னேற்றமாகக் கருதுகிறேன். அழுகிய சதையை அகற்றுவது ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் புண்தளம் கெடுகிறது.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கியவர்கள் போடி, தேனி, மதுரை மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடலின் பெரும்பகுதி வெந்தவரிடம் எடுத்து வைக்கத் தோல் மிஞ்சுவதில்லை. பிறர் தோல் நிலைக்காது என்பதையும், இரண்டாம் முறை வைத்தால் இன்னும் விரைவாக உதிரும் என்பதையும் 1943இல் கிளாஸ்கோவில் கிப்சனும் மெதாவரும் தீக்காய நோயாளி ஒருவரிடம் கண்டார்கள். ஆனாலும் தற்காலிகப் போர்வையாக அது நோய்த்தொற்றையும் நீரிழப்பையும் தடுக்கும். இறந்தவர் தரும் தோலைச் சேமிக்கும் வங்கிகள் தென்மாவட்டங்களுக்கு அவசரத் தேவை. கண்தானத்தைப் போல இதையும் வீட்டில் பேசவேண்டும்.

தோல் எடுத்த இடமும் ஒரு புண்தான். வைத்த இடத்தைவிட அதுவே அதிகம் வலிக்கும் என்று நோயாளிகள் சொல்வார்கள். மயிர்க்கால்களின் அடியில் மிஞ்சிய செல்களிலிருந்து இரு வாரத்தில் புதுத்தோல் மூடிவிடும். அதுவரை துணி ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது வலியில் உயிர் போகும். மும்பையில் மாதுரி கோரே குழுவினர் கிருமி நீக்கிய வாழையிலையைத் தீக்காயத்திலும் தோல் எடுத்த இடத்திலும் வைத்துப் பார்த்து 2003இல் வெளியிட்டார்கள்: வழவழப்பான இலை ஒட்டுவதில்லை, பிரித்தால் வலியில்லை, செலவும் சொற்பம். சின்னமனூரும் கம்பமும் வாழை விளைவிக்கும் மண். இந்த ஆய்வைத் தொடர இதைவிடப் பொருத்தமான இடம் எது?

புண்தளத்தைக் காப்பதோ அறுவை அரங்குக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. பாம்பு கடித்த காலில் கயிற்றை இறுக்கிக் கட்டுவதும், கடிவாயைக் கீறுவதும், தீப்பட்ட இடத்தில் பற்பசையோ மசியோ அப்புவதும் பிழைக்கக்கூடிய தோலையும் சாகடிக்கின்றன. தீக்காயத்தில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிடலாம். பாம்பு கடித்த காலை ஆட்டாமல் வைத்து, நச்சுமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோகலாம். இவ்வளவும் செய்தால், பின்னால் தொடையிலிருந்து எடுக்கவேண்டிய தோலின் அளவே குறையும்.