தொற்று

தொற்று: நோய்க்கிருமி ஓர் உடலில் புகுந்து பெருகுவதைக் குறிக்கும் சொல். பற்றுதல், ஒட்டிக்கொள்ளுதல் என்ற பொருளுடைய வினையே பெயராகவும் நின்றது. ஓடும் பேருந்தில் தொற்றிக்கொள்வதும், பந்தலில் கொடி தொற்றி ஏறுவதும் இதே வினைதான். காற்று பேச்சில் 'காத்து' ஆவதுபோல் இது 'தொத்து' ஆகும்; 'தொத்து வியாதி' என்பதே ஊர்வழக்கு. 'ஒட்டுவாரொட்டி' என்றும் ஒரு பெயர் உண்டு. நெருங்கி ஒட்டுகிறவரிடம் தானும் ஒட்டிக்கொள்வது என்று பரவும் விதத்தையே பெயராக்கிய இச்சொல் இன்று அருகிவிட்டது; இழப்புதான்.

தெலுங்கின் 'அண்டுவியாதி' ஒட்டுதலையும், கன்னடத்தின் 'சோங்கு' தீண்டுதலையும் அடியாகக் கொண்டவை. ஆங்கிலத்தின் 'இன்ஃபெக்ஷன்' வேறு வழியில் வந்தது: சாயத்தில் தோய்த்தல், கறைப்படுத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வினை அதன் மூலம்.

நீரிழிவு, இரத்தக் கொதிப்பு போன்றவை 'தொற்றா நோய்கள்'. இதில் 'தொற்றா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 2020இல் கொரோனா பரவியபோது 'தொற்று உறுதி', 'தொற்றாளர்' என்பவை நாளிதழ்களில் அன்றாடச் சொற்களாயின.

சொல்லில் தொடுதல் இருந்தாலும் எல்லாத் தொற்றும் தொட்டுப் பரவுவதில்லை. காசநோய் காற்றில் பரவுவது. அதன் கிருமியை ராபர்ட் கோக் 1882இல் அறிவித்தார். மருந்து இல்லாத அக்காலத்தில் ஓய்வு, நல்ல உணவு, தூய காற்று இவையே சிகிச்சை. அதற்காக டாக்டர் சௌரிமுத்து 1928இல் தாம்பரம் அருகே காசநோய் சானடோரியம் தொடங்கினார். 1937இல் அரசு அதை ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததே. செம்பாக்கம் பக்கத்து மக்கள் வாயில் 'சானடோரியம்' நோயை நினைவூட்டாத வெறும் இடப்பெயராகிவிட்டது.

நோயாளியை வீட்டிலிருந்து பிரித்தே ஆகவேண்டும் என்ற எண்ணத்தை மாற்றியதும் சென்னைதான். 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் (இன்றைய சேத்துப்பட்டு தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) 1959இல் தன் ஆய்வு முடிவை வெளியிட்டது. வீட்டிலிருந்தே ஒழுங்காக மருந்து உட்கொண்டவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தனர்; உடனிருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை.

தொற்றும் நோயும் ஒன்றல்ல. காசநோய்க் கிருமி உடலில் உறங்கிக் கிடப்போரில் 100க்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. கிருமி உறங்கும் நிலையில் அவர்கள் அதைப் பிறருக்குப் பரப்புவதும் இல்லை.